வாசிப்பறையின் சாவி

அக்டோபரில் நாரின் ஊர் மலைகளில் முதல் பனி இறங்கிய வாரம், செவிலியர் கல்லூரி முதல்வர் சகின்பெக் நூலகத்துக்கு நேரிலேயே வந்தார். ஆளனுப்பிச் சொல்லியிருக்கலாம். ஆனால் நேரில் வந்து சொல்லும் மரியாதை தெரிந்த மனிதர்.

"புருல்கான் எஜெ, கொதிகலனுக்கு வந்த கரி வகுப்பறைக்கே பத்தாது போல இருக்கு. உங்க வாசிப்பறை வடக்குப் பக்கம். ஜன்னலெல்லாம் சல்லடை. அதைச் சூடாக்குறதும் ஒண்ணு, தெருவைச் சூடாக்குறதும் ஒண்ணு. திங்கட்கிழமையிலிருந்து பூட்டிடலாம். மார்ச்சுல திறப்போம்."

ஊரே எஜெ, அதாவது அக்கா, என்று கூப்பிடும் நூலகர் புருல்கான் கையிலிருந்த புத்தகத்தை மேசைமேல் வைத்தாள். "பிள்ளைங்க எங்க படிப்பாங்க, அகாய்?" அங்கே வாத்தியார்களுக்கு அகாய் என்றுதான் மரியாதை.

"புத்தகத்தை வீட்டுக்குக் குடுத்தனுப்புங்க."

"உடற்கூறு படப் புத்தகம் நாலுதான் இருக்கு. அதை நாலு பேர் எடுத்துட்டுப் போனா, மத்தவங்க சுவரைப் பாத்துப் படிக்கணுமா? ஜனவரியில தேர்வு. எலும்பு பேர் தெரியாத பிள்ளைங்க கையில ஊசியைக் குடுத்து அனுப்பப் போறீங்களா?"

"எனக்கு மட்டும் ஆசையா, எஜெ?" என்றார் சகின்பெக். "ஞாயிற்றுக்கிழமை வந்து சாவியை வாங்கிக்கிறேன்."

அவர் போன பிறகு புருல்கான் வாசிப்பறைக்குள் போய் நின்றாள். ஜன்னல் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவில் விரல் நுழைந்தது. காற்று கத்தி மாதிரி வந்தது. முதல்வர் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

கல்யாணமான புதிதில் இந்த நூலகத்துக்குத் தூசி தட்ட வந்தவள் அவள். சோவியத் நாடு கலைந்து, சம்பளத்துக்குப் பதில் மாவு மூட்டை வந்த குளிர்காலங்களில், அதுவரை இருந்த நூலகர் பிஷ்கெக்குக்குப் போய்விட்டார். சாவி புருல்கானிடம் வந்தது. அப்போது ஊரில் எரிக்க ஒன்றும் இல்லை. மேலதிகாரி ஒருவர் வந்து, யாரும் படிக்காத ருஷ்ய மருத்துவ இதழ்களைக் கட்டுக்கட்டாக அடுப்புக்குக் கேட்டார். "நாளைக்கு விறகு தர்றேன்" என்று அவரை அனுப்பிவிட்டு, மறுநாள் தன் வீட்டு நாற்காலி ஒன்றை உடைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தாள். கணவன் ஒமுர்சாக் அன்று மாலை லாரி ஓட்டிவிட்டு வந்து, தன் நாற்காலியைத் தேடிச் சாப்பாட்டு மேசையைச் சுற்றி இரண்டு முறை நடந்தான். அந்த நாற்காலியை அவன் இன்னும் மறக்கவில்லை.

அந்த இதழ்கள் இப்போதும் கீழ் அடுக்கில் இருக்கின்றன. இப்போதும் யாரும் படிப்பதில்லை. எரிக்கச் சொன்னால் இப்போதும் தரமாட்டாள்.

அன்று பிற்பகல் முதல் ஆள் புத்தகம் வாங்க வந்தபோதே புருல்கான் ஆரம்பித்துவிட்டாள். முதலாம் ஆண்டு மாணவி சோல்பொனாய், மலைக்கு அந்தப் பக்கத்து ஆட்டுக்காரர் மகள், ஊரில் ஐந்து பெண்களோடு ஓர் அறையில் வாடகைக்கு இருப்பவள்.

"ஞாயிற்றுக்கிழமை அசார். வீட்டுல பழைய கெட்டிக் கம்பளி இருந்தா எடுத்துட்டு வா."

"யாரு வீட்டுல அசார், எஜெ?"

"இங்கதான்."

சோல்பொனாய் அலமாரிகளைச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். அசார் என்றால் கூலியில்லா வேலை. ஒருவர் வீட்டுச் சுவருக்கும் கூரைக்கும் ஊரே கை கொடுக்கும், வீட்டுக்காரர் சாப்பாடு போடுவார். நூலகத்துக்கு அசார் என்று யாரும் கேள்விப்பட்டதில்லை. ஆனாலும் கூப்பிட்டால் போகாமல் இருப்பதும் அங்கே வழக்கமில்லை. மாலைக்குள் புத்தகம் வாங்க வந்தவர்கள் எல்லோருக்கும் அதே சேதி போயிற்று.

வீட்டில் அவள் ஜன்னல் இடுக்குகளின்மேல் ஒட்டப் படுக்கை விரிப்புகளை நீள நீளமாகக் கிழித்துக்கொண்டிருந்தபோது ஒமுர்சாக் வாசலில் நின்று பார்த்தான்.

"அன்னைக்கு நாற்காலி. இன்னைக்கு விரிப்பு. அடுத்தது நானா?"

"உன்னை ஒட்ட முடியாது. இடுக்குக்கு நீ ரொம்பப் பருமன். போய் மாவுப் பசை காய்ச்சு."

அவன் முணுமுணுத்துக்கொண்டே காய்ச்சினான்.

ஞாயிறு காலை, அவள் நினைத்ததைவிட அதிகம் பேர் வந்தார்கள். சோல்பொனாயின் அப்பா குதிரையில் கம்பளிச் சுருளோடு வந்திறங்கினார். பழைய கூடாரத்தின் மேல்கம்பளி. ஆட்டு வாசமும் புகை வாசமும் அதில் அப்படியே இருந்தன. கொதிகலன் பார்க்கும் தாஷ்தான் சுத்தியலோடு வந்தான்.

"எஜெ, இந்த இடுக்குல திணிக்க ரெண்டு பழைய இதழ் கிழிச்சுக்கவா?"

புருல்கான் திரும்பிப் பார்த்தாள்.

"சும்மா கேட்டேன்" என்று அவன் வேகமாக ஏணியில் ஏறினான். "கேக்குறதுக்கும் குத்தமா?"

இடுக்குகளில் கம்பளி அடைபட்டது. அதன்மேல் பசை தோய்த்த விரிப்புத் துணி ஒட்டப்பட்டது. பெண்கள் தாழ்வாரத்தில் ஆட்டுக்கறிச் சாறும் எண்ணெயில் பொரித்த போர்சோக் ரொட்டியும் பரப்பிக்கொண்டிருந்தார்கள். தாழ்வாரத்தில் மட்டும்தான். புத்தகம் இருக்கும் இடத்தில் ஒரு துணுக்கு ரொட்டிகூட நுழையக் கூடாது என்பது புருல்கானின் சட்டம். அசார் என்றாலும் அது மாறவில்லை.

பாதி ஜன்னல்கள் முடிந்த நேரத்தில் சகின்பெக் வாசலில் வந்து நின்றார்.

"என்ன இது, எஜெ? யாரைக் கேட்டுச் செய்யறீங்க?"

புருல்கான் ஏணியின் அடியில் நின்றிருந்தாள். பயம் இல்லாமல் இல்லை. "கரி கேக்கல, அகாய். காத்தைத்தான் வெளிய அனுப்புறோம்."

"அகாய், ஒண்ணு உள்ள வாங்க, இல்ல கதவைச் சாத்துங்க!" மேலிருந்து தாஷ்தான் கத்தினான். "காய்ச்சின பசை உறையுது! கடைசியா வந்தவருக்கு வாளி!"

யாரோ பசை வாளியை அவர் கையில் கொடுத்துவிட்டார்கள். எல்லோரும் வேலை செய்யும் அசாரில் ஒருவன் கையைக் கட்டிக்கொண்டு நின்றால், அவன் பேரனுக்கும் அந்தப் பேச்சு போய்ச் சேரும். சகின்பெக் வாளியைப் பார்த்தார், பிறகு ஒட்டியிருந்த துணியைப் பார்த்தார்.

"யாருய்யா இதை ஒட்டினது? கோணலா இருக்கு."

"வாளி வச்சிருக்கவர் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றான் தாஷ்தான்.

சகின்பெக் மேலங்கியைக் கழற்றினார். மற்ற பாதி ஜன்னல்கள் அவர் மேற்பார்வையில் நேராக ஒட்டப்பட்டன.

சாப்பாட்டுக்கு எல்லோரும் தாழ்வாரத்தில் உட்கார்ந்தார்கள். புருல்கான் முதல்வரை மேல்முனையில் உட்காரவைத்து, நல்ல கறித்துண்டை அவர் பக்கம் தள்ளினாள். சாறு காலியாகி, தேநீரும் முடிந்தது. இனி வாழ்த்துச் சொல்லாமல் யாரும் எழுந்திருக்க முடியாது.

"நீங்கதான் சொல்லணும், அகாய்."

சகின்பெக் உள்ளங்கைகளை ஏந்தினார். எல்லோரும் ஏந்தினார்கள். வேலை முடிந்த எத்தனையோ வீடுகளில் அவர் சொன்ன சொற்கள்தான், யோசிக்காமலே வந்தன.

"இந்த இடத்துல சூடு குறையாம இருக்கட்டும். கை கொடுத்தவங்க நோய்நொடி இல்லாம இருக்கட்டும். வர்ற விருந்தாளி நிக்காம இருக்கட்டும். இதோட கதவு ஒருநாளும் அடைபடாம..."

அங்கே, தான் பூட்ட வந்த கதவு அதுதான் என்பது அவருக்கு நினைவு வந்தது. ஏந்திய கைகள் எல்லாம் காத்திருந்தன. ஏந்திய கையை வாழ்த்து முடியாமல் இறக்க முடியாது.

"...இருக்கட்டும்" என்று முடித்தார்.

"ஓமின்!" எல்லாக் கைகளும் முகத்தைத் தடவி இறங்கின. தாஷ்தானின் ஓமின் மட்டும் தேவைக்கு மேல் சத்தமாக இருந்தது.

புருல்கான் எழுந்து, சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்து எல்லோர் முன்னாலும் நீட்டினாள். "இதை வாங்கத்தானே வந்தீங்க, அகாய்?"

சோல்பொனாய் கோப்பையைக் கீழே வைக்க மறந்திருந்தாள். சகின்பெக் சாவியையே பார்த்தார். பிறகு சிரிப்பை அடக்க முயன்று தோற்றார்.

"உங்ககிட்டயே இருக்கட்டும். ஆனா ஒரு வாளி கரி கூடுதலா கிடையாது. இப்பவே சொல்லிட்டேன்."

"நான் கேட்டேனா?"

திங்கட்கிழமை வாசிப்பறை திறந்திருந்தது. கதகதப்பு என்று சொல்ல முடியாது. மேலங்கியைக் கழற்றாமல்தான் உட்கார வேண்டியிருந்தது. ஆனால் பக்கம் புரட்டும் விரல் விறைக்கவில்லை. படப் புத்தகம் ஒவ்வொன்றைச் சுற்றியும் ஐந்தாறு தலைகள். சோல்பொனாய் முழங்கை எலும்பின் பெயரை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மதியம் சகின்பெக் தன் ஜன்னல்களைப் பார்க்க வந்தார். சட்டத்தின் ஓரத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துத் தலையாட்டினார். அவர் மறு கையில் பாதி கடித்த போர்சோக் ஒன்று இருந்தது.

"அகாய்," என்றாள் புருல்கான், தலை நிமிராமல். "அதைத் தாழ்வாரத்துல வச்சுச் சாப்பிட்டுட்டு வாங்க."