அண்ணன் பிடித்த முனை

சத்தியமாக நடந்தது இது. நடந்தது என் மச்சானுக்கு. அவன் தையற்காரன். கதை கட்டத் தெரிந்தவனாக இருந்தால் வழக்கை எப்போதோ ஜெயித்திருப்பான்.

அப்பா விட்டுப்போன நிலம். எல்லை எங்கே என்று அவனுக்கும் அவன் அண்ணனுக்கும் கோர்ட்டில் வழக்கு. அம்மா செத்த அன்றுகூட இருவரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. கடைசியில், அளந்து வரும்படி நீதிபதி ஒரு சர்வேயரை அனுப்பினார்.

அந்த சர்வேயருக்கு ஒரு பழக்கம். இரும்பு டேப்பின் முனையை ஒருவரிடமும் அது சுருண்டிருக்கும் பெட்டியை மற்றவரிடமும் கொடுத்துவிடுவார். "நாளைக்கு யாரும் என்னைக் குறை சொல்லக் கூடாது பாருங்க" என்பார்.

நல்ல பகல் வெளிச்சம். நிலத்தின் நடுவே ஆள் உயரப் புதர்.

"உங்க அண்ணன் இன்னும் வரலையே?" என்றார் சர்வேயர் மச்சானிடம்.

"வந்துட்டேன்."

புதருக்குப் பின்னாலிருந்து குரல். அண்ணனுடையதேதான். சர்வேயர் டேப் முனையைப் புதருக்குள் நீட்டினார். அந்தப் பக்கம் ஒரு கை வாங்கிக்கொண்டது. அண்ணன் எங்கே நிற்கிறாரோ அதுதான் அவர் சொல்லும் எல்லை. அதுவரை தம்பிக்கு.

"போதுமாடா?"

எத்தனை வருஷம் கழித்து அந்த 'டா'! ஆனாலும் மச்சானை வீம்பு விடவில்லை.

"போதாது."

அவன் கையிலிருந்த பெட்டியிலிருந்து டேப் சரசரவென்று ஓடியது. அண்ணன் பின்னால் போகிறார்... விட்டுக்கொடுக்கிறார்...

"போதுமாடா?"

"போதாது."

சர்ர்ர்...

குரல் மட்டும் தூரம் போகவில்லை. காதருகே கேட்டது.

"போதுமாடா?"

கிண்டல் பண்ணுகிறார் என்று மச்சானுக்கு ஆத்திரம். டேப்பை வெடுக்கென்று இழுத்தான்.

எதையோ அறுத்த மாதிரி கை அதிர்ந்தது.

அப்புறம்... சத்தமே இல்லை.

ஓடிப்போய்ப் பார்த்தார்கள். ஆள் இல்லை. ஈர மண்ணில் காலடி இல்லை. டேப்பின் முனை கடைசி வேலியோரம் கிடந்தது. மொத்த நிலத்தையும் கொடுத்திருந்தார்.

போன் அடித்தது. அண்ணி.

"உங்க அண்ணன் போயிட்டார் தம்பி... காலையில நிலத்துக்குக் கிளம்பி செருப்பு மாட்டினவர், அப்படியே சாஞ்சுட்டார்..."

மச்சான் அழுதுகொண்டே ஓடினான். நானும் போனேன். அண்ணனைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். அண்ணி அவருடைய வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"காலையில சாஞ்சதும் கையைப் பிடிச்சேனே, அப்ப இது இல்லையே..."

உள்ளங்கையின் குறுக்கே மெல்லிய வெட்டு. புதுசு. சொட்டு ரத்தம் இல்லை.

மச்சான் அந்தக் கையை எடுத்துத் தன் முகத்தில் அழுத்திக்கொண்டான்.

"வலிச்சுதாண்ணே?"