தரை தொட்ட பின் அரை நொடி

கல்லூரியில் சேர்ந்த முதல் ஆண்டிலேயே ஒலிவாங்கியின் உயரத்தை எனக்கேற்றபடி மாற்றிக்கொண்டு பேசத் தொடங்கியவன் நான். சொற்போர் எங்கு நடந்தாலும் எங்கள் கல்லூரியின் சார்பில் எழுந்து நடப்பவை என் கால்களாகத்தான் இருக்கும். எனக்குக் குறிப்புகளைத் திரட்டித் தந்தவள் என் வகுப்புத் தோழி. இளம்பிள்ளையிலிருந்து இரண்டு பேருந்து மாறி வருபவள். வீட்டில் சேலை வியாபாரம். மேடை என்றாலே அவளுக்கு உள்ளங்கை வியர்க்கும். அதனால் முன்வரிசையில் அமர்ந்து, நேரம் பார்த்து மேசைமணியை அழுத்தும் பொறுப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

ஐந்தாம் நிமிடத்தில் எச்சரிக்கை மணி, ஆறாம் நிமிடத்தில் இறுதி மணி. என் முடிவுரை எப்போதும் சற்று நீளும். அவள் விரல் மணியின் மேல் தயங்கி நிற்கும். என் கடைசிச் சொல் வெளிவந்த பிறகே அழுந்தும். அதைச் சலுகை என்று நான் ஒருநாளும் எண்ணியதில்லை. என் பேச்சுக்கு உரிய மரியாதை என்றே எண்ணியிருந்தேன்.

அவள் தயங்காத இடம் ஒன்று உண்டு. கணினி ஆய்வகத்தின் கடைசி வரிசையில், மேலிருந்து கட்டைகள் விழும் விளையாட்டின் முன்னால். விழும் கட்டைகளைத் திருப்பி, நகர்த்தி, ஒரு வரிசையை இடைவெளியின்றி நிரப்பினால் அந்த வரிசை மறையும். அடுக்கு உச்சியைத் தொட்டால் ஆட்டம் முடியும். நானும் ஆடத் தெரிந்தவன்தான். சிறுவயதில் ராசிபுரம் தேர்த் திருவிழாக் கடையில் வாங்கிய பிரிக் கேம் என்ற கையடக்கக் கருவியில் என் பெருவிரல் பழகியிருந்தது. சாம்பல் திரை, மஞ்சள் பொத்தான்கள். அதில் ஒரு கட்டை எதையாவது தொட்ட கணத்தில் அப்படியே உறைந்துவிடும். செய்ய வேண்டியதையெல்லாம் அது காற்றில் இருக்கும்போதே செய்து முடித்தாக வேண்டும்.

அவள் ஆடியது வேறு உலகம். வேகம் உச்சத்துக்குப் போனால் கட்டை விழுவதே கண்ணுக்குத் தெரியாது. தோன்றும்போதே கீழே கிடக்கும். ஆனால் உறையாது. அரை நொடி காத்திருக்கும். அந்த அரை நொடிக்குள் அதைச் சறுக்கிவிடலாம், திருப்பலாம்; திருப்பினால் மீண்டும் ஓர் அரை நொடி கிடைக்கும். அதற்கும் ஓர் எண்ணிக்கை உண்டு, அது தீர்ந்தால் உறைவுதான். அவளுடைய அடுக்கு எப்போதும் நடுவில் உயர்ந்தும் இரு பக்கமும் சரிந்தும் இருந்தது.

“ஏம்புள்ள, நடுவுல கோபுரமா கட்டற?” என்று ஒருநாள் சிரித்தேன்.

“கோபுரமில்லடா, சறுக்கு. நடு ஒசந்திருந்தாத்தான் ரெண்டு பக்கமும் வழுக்கி உடலாம். இந்த வேகத்துல குழிக்குள்ள உழுந்த கட்டை ஏறி வராது.”

“அப்ப, உழுந்ததுக்கப்புறந்தான் நீ யோசிக்கவே ஆரம்பிக்கறயா?”

“ஆமா. உனக்கு வாய் இருக்குது, பேசிக்கிட்டே யோசிப்ப. எனக்கு இந்த அரை நொடி இருக்குது.”

கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமலே சொன்னாள். அதை நான் மனத்தில் குறித்துக்கொண்டேன். எதிரணியின் வாதத்தில் எந்தத் தூணில் பாரம் நிற்கிறது என்று குறித்துவைப்பது என் பயிற்சியின் பகுதி. அவள் எதிரணி அல்ல என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

கல்லூரி விழாவில் இந்த விளையாட்டுக்கும் ஒரு போட்டி வைத்தார்கள். வெல்பவர் அஸ்தம்பட்டியில் நடக்கவிருந்த கல்லூரிகளுக்கிடையிலான போட்டிக்குப் போவார். இறுதிச் சுற்றுக்கு அவளும் நானும் வந்தோம். அன்று மாலை பேருந்து நிறுத்தத்தில் அவள் வழக்கத்துக்கு மாறாக நிறையப் பேசினாள்.

“அஸ்தம்பட்டிக்கு எங்கப்பாவக் கூட்டிட்டு வாரேன்டா. நான் எதுலயும் மொதல்ல வந்து அவரு பாத்ததில்ல. உனக்கு எழுதிக் குடுக்கறதெல்லாம் அவருக்கு எப்படித் தெரியும்?”

“நான் ஜெயிச்சுட்டா?”

“நீயா?” என்று வாய்விட்டுச் சிரித்தாள். “இருவது ஆட்டம் ஆடிருக்கறோம். ஒன்னு சொல்லு பாக்கலாம், நீ ஜெயிச்சது.”

ஒன்றும் இல்லை. அந்தச் சிரிப்பில் ஏளனம் இருந்ததாக நான் முடிவுசெய்தேன். இன்று நினைத்துப் பார்த்தால் அதில் மகிழ்ச்சியைத் தவிர வேறெதுவும் இல்லை. ஆனால் ஆறு நிமிடங்களில் அரங்கைத் திருப்பிப் பழகியவனுக்கு, சொல்லால் அசைக்க முடியாத ஒரு தோல்வி தாங்கவில்லை.

மறுநாள் காலை, போட்டியை நடத்திய மாணவர் குழுவின் முன் நின்றேன். மூன்று பேர், அவர்களில் மூத்தவர் இறுதியாண்டு அண்ணன். நான் மேடைக் குரலை எடுத்தேன். “காற்றில் இருக்கும்போது சிந்திப்பவனே ஆட்டக்காரன். தரையைத் தொட்ட பின் திருத்திக்கொள்வது திறமை அல்ல. தவறுக்குத் தரப்படும் தவணை. தவணையை நீக்குங்கள். விதி இருவருக்கும் ஒன்றாக இருக்கும்போது அநீதி எங்கே இருக்கிறது?”

அண்ணன் தாடையைச் சொறிந்தார். “தம்பி சொல்றதும் நாயந்தான். ரெண்டு பேத்துக்கும் ஒன்னுதான? ஆனா தொட்டதும் ஒறைஞ்சா, ஃபுல் ஸ்பீடுல எவனும் ஆட முடியாதே?”

“வேகத்துக்கு ஒரு வரம்பு வெச்சரலாங்க,” என்றேன்.

அந்த வரம்பு எது என்பதையும் நானே சொன்னேன். அது என் பெருவிரலின் வரம்பு. அண்ணன் அமைப்புகள் பக்கத்தைத் திறந்து, காத்திருப்பு நேரம் என்ற இடத்தில் சுழியத்தை இட்டார். நான் வென்றவற்றிலேயே மிக எளிதான வாதம் அது. எதிர்வாதம் செய்ய வேண்டியவள் அந்த நேரத்தில் இளம்பிள்ளைப் பேருந்தில் நின்றுகொண்டு வந்துகொண்டிருந்தாள்.

ஆட்டத்துக்கு உட்கார்ந்த பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. முதல் கட்டை தரையைத் தொட்டது, விரல் அதைச் சறுக்கப் பார்த்தது, அது நகரவில்லை.

“அரை நொடி எங்கடா?”

“கமிட்டி முடிவு பண்ணிருக்கறாங்க. ரெண்டு பேத்துக்கும் ஒன்னுதான்.”

“நீ பேசுனயா?”

நான் என் கட்டையைத் திருப்பினேன். அவள் திரைக்குத் திரும்பினாள். கட்டையைச் சட்டென்று கீழே இறக்கிவிட்டு அதன்பின் நகர்த்துவது அவள் விரல்களுக்குப் பழகிய வரிசை. அந்த வரிசையை அவற்றால் உடனே மாற்ற முடியவில்லை. அவள் எழுப்பிய சறுக்கின் உச்சியிலேயே ஒவ்வொரு கட்டையும் ஒட்டி நின்றது. பெரிய திரையில் எல்லோரும் பார்த்தார்கள். பின்னாலிருந்து ஒருவன் கத்தினான்: “இளம்பிள்ளை எக்ஸ்பிரஸ் மொத ஸ்டாப்புலயே மக்கர் பண்ணுது டோய்!” அறை சிரித்தது. நானும் சிரித்தேனா என்று எனக்கு நினைவில்லை; இல்லை என்று எழுத ஆசைதான்.

முதல் ஆட்டம் எனக்கு. இரண்டாம் ஆட்டத்தில் அவள் நடுமேட்டைக் கைவிட்டுத் தரையைச் சமமாக்கினாள். காற்றிலேயே திருப்பத் தொடங்கினாள். பத்து நிமிடங்களுக்கு முன் அறியாத ஒரு முறையை என் கண் முன்னால் கற்றுக்கொண்டிருந்தாள். அதையும் நான் வென்றபோது எனக்கும் அவளுக்கும் இடையில் இரண்டே வரிசை வித்தியாசம். இன்னும் ஓர் ஆட்டம் இருந்திருந்தால், நான் வகுத்த விதியிலேயே என்னை முடித்திருப்பாள். மூன்றில் இரண்டை வென்றால் போதும் என்பதால் மூன்றாவதற்கு இடமில்லாமல் போனது.

அஸ்தம்பட்டியில் யாரிடமும் வாதாட வாய்ப்பில்லை. விளையாட்டு அதன் இயல்பான விதியில் ஓடியது. கட்டைகள் தோன்றிய கணமே தரையில் கிடந்தன. ஒவ்வொன்றும் அரை நொடி எனக்காகக் காத்திருந்தது. அந்த அரை நொடியை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. இரண்டு நிமிடங்களுக்குள் வெளியே வந்து, தேநீர்க் கடையில் நின்றேன்.

அவளிடம் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. என் தரப்புக்கு ஆறு வாதங்கள் தயாரித்து வைத்திருந்தேன். அவள் கேட்கவே இல்லை. குறிப்புகள் வருவது மட்டும் நின்றது.

அடுத்த மாதம் எங்கள் கல்லூரியிலேயே சொற்போர். மணிக்கு முன்னால் அவளே அமர்ந்திருந்தாள். நொடி பிசகாமல் அடித்து என்னை வெட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அப்போது உதட்டில் வரவழைக்க வேண்டிய கண்ணியமான புன்னகையைக்கூட முந்தின நாளே ஒத்திகை பார்த்திருந்தேன். எச்சரிக்கை மணி சரியாக ஒலித்தது. ஆறாம் நிமிடம் வந்தது. சுவர்க் கடிகாரத்தில் முள் கடந்தது. அவள் விரல் மணியின் மேல் இருந்தது, அழுந்தவில்லை. அவள் பார்வை என் முகத்திலேயே இருந்தது. நடுவர் ஒருவர் தம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நான் முடிவுரையின் நான்கு அடுக்குகளையும் ஏறி முடித்தேன். அதன் பிறகே மணி ஒலித்தது. கைதட்டல் எழுந்தது. முதல் பரிசு எனக்கு.

கூட்டம் கலைந்ததும் அவளிடம் போனேன். “தேங்க்ஸ். நேரம் ஆனப்புறமும் அடிக்காம இருந்ததுக்கு.”

அவள் மணியைத் துணிப்பையில் வைத்துக்கொண்டிருந்தாள். “தேங்க்ஸெல்லாம் எதுக்குங்க?” என்றாள். என்னை அவள் அப்படி மரியாதையாக அழைத்தது அதுவே முதல் முறை. “நேரம் முடிஞ்சப்புறம் கொஞ்சம் குடுத்தாத்தான் உங்களுக்கு முடிக்க வரும். அது எனக்கு மொத வருசத்துல இருந்தே தெரியுங்க.”

பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிப் போய்விட்டாள்.

இப்போது அறைக்கதவைச் சாத்திக்கொண்டு, கைப்பேசியில் ஆறு நிமிடம் வைத்துப் பயிற்சி செய்கிறேன். முன்னுரையைச் சுருக்கிப் பார்த்தேன். ஒரு கருத்தை விட்டுப் பார்த்தேன். வேகமாகவும் பேசிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் ஒலி எழும்போது என் கடைசி வாக்கியம் பாதியில் நிற்கிறது.