அத்தை பாட்டை நிறுத்திய விதம்

என் தந்தையின் கடைசித் தங்கை லிஃப்ட் மெக்கானிக். வேலை நாள்களில் அடுக்குமாடிக் கட்டடங்களின் உச்சியில், மோட்டார் அறையில் இருப்பார். விடுமுறை நாள்களில் ஒரு ராக் குழுவில் டிரம்ஸ் வாசிப்பார். குடும்ப வரலாற்றைத் தொகுத்து வரும் நான் இவ்விரண்டையும் தனித்தனியே எழுத முயன்று தோற்றேன். காரணம், அந்த அஞ்சலிக் கச்சேரி.

குழுவின் பாடல்களை எழுதி, மெட்டமைத்து, பாடியவரைக் குரலின் கரகரப்புக்காகக் 'கரடி' என்பார்கள். சென்ற ஆண்டு மாரடைப்பில் இறந்தார். அவருடைய பாடல்களை மட்டுமே கொண்டு ஒரு மாலையை நடத்த அவர் மனைவி தீர்மானித்தார். பாட ஓர் இளம்பெண் வந்தாள்.

டயர் கடை மாடியில் ஒத்திகை. நானும் போயிருந்தேன். முதல் பாட்டு கம்பீரமாகத் தொடங்கியது, ஆனால் முடியவில்லை. பாடகி ஓரத்து மைக்கில் கடைசி வரியைப் பாடினாள், திரும்பப் பாடினாள், தண்ணீர் குடித்துவிட்டு வந்தும் பாடினாள். கிட்டார் வாசித்த மருந்துக்கடைக்காரர், பேஸ் வாசித்த தபால்காரர், அத்தை, மூவரும் கரடி நின்று பாடும் நடு மைக்கின் கீழே வெறுந்தரையைப் பார்த்தபடி வாசித்துக்கொண்டே இருந்தார்கள்.

பாட்டை முடிக்க நினைத்தால் கரடி இடது குதிகாலைத் தூக்குவார். அது தரையில் படும்போது கடைசி அடி விழும். அந்த ஷூவைத் தவிர எந்தப் பாட்டுக்கும் அவர்கள் வேறு முடிவு வைத்திருக்கவில்லை.

"அண்ணே, இதை நிறுத்த ஸ்விட்ச் எங்க இருக்கு?" என்றாள் பாடகி.

"ஸ்விட்சைத்தாம்மா போன வருஷம் புதைச்சுட்டு வந்தோம்," என்றார் மருந்துக்கடைக்காரர். முதலில் சிரித்தவர் கரடியின் மனைவிதான்.

கரடியின் தம்பி சிரிக்கவில்லை. "டிரம்ஸை மட்டும் கம்ப்யூட்டர்ல போட்டுக்கலாம்கா. முடிய வேண்டிய இடத்துல தானா முடிஞ்சிடும். தப்பா எடுத்துக்காதீங்க."

அத்தை குச்சிகளை மடியில் வைத்தார். "தம்பி, லிஃப்ட் மேல போக மோட்டார் போதும். தரையோட ஒட்டி நிக்க வைக்கத்தான் ஆள் வேணும். அது என் வேலை. ஆனா பின்னாடி மூலையில உட்கார்ந்திருந்தா என்னை யார் பாப்பாங்க? டிரம்ஸ் நடுவுல வரட்டும். அந்த மைக் இருக்குற இடத்துல."

மேடை நடுவே கணவரின் மைக் மட்டும் வெளிச்சத்தில் தனியாக நிற்க வேண்டும் என்பது கரடியின் மனைவியின் ஆசை. விளக்குக்காரரிடம்கூடச் சொல்லிவைத்திருந்தார்.

"அது அவருக்குன்னு வெச்ச இடம்," என்றார்.

"தெரியும் அண்ணி. அது அங்க நின்னா நாங்க அதையேதான் பார்த்துக்கிட்டு இருப்போம். அவர் பாட்டு முடியத் தெரியாம இழுத்துக்கிட்டுக் கிடந்தா அவருக்குப் பிடிக்குமா?"

"பிடிக்காது. கோபத்தைக்கூட பட்டுன்னு முடிச்சிடுவாரு." அந்த அம்மாள் எழுந்து வந்தார். பிறகு தாமே மைக் ஸ்டாண்டைத் தூக்கிச் சுவரோரம் வைத்தார். "ஒரு தடவை வாசிங்க. பார்த்துட்டுச் சொல்றேன்."

டிரம்ஸை நடுவே நகர்த்தினார்கள். பாட்டின் முடிவில் அத்தை வலக்கைக் குச்சியைத் தலைக்கு மேல் உயர்த்தினார். அது இறங்கியபோது எல்லாமே நின்றது. கீழே டயருக்குக் காற்றடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"அங்கயே இருக்கட்டும்," என்றார் அந்த அம்மாள்.

கச்சேரியன்று அரங்கம் நிறைந்திருந்தது. ஒவ்வொரு பாட்டும் கத்தரித்தாற்போல் முடிந்தது. கடைசிப் பாட்டில் மட்டும் அத்தை உயர்த்திய குச்சியை இறக்காமல், இடக்கையால் தாளத்தைத் தொடர்ந்தார். மருந்துக்கடைக்காரர் திருதிருவென விழித்தார். அடுத்த சுற்றில்தான் குச்சி இறங்கியது.

"ஒத்திகையில இல்லாத சுத்து எங்கேர்ந்துக்கா வந்துச்சு?" என்று பிறகு தம்பி கேட்டார்.

அத்தை குச்சிகளைப் பையில் போட்டுக்கொண்டே சொன்னார்: "முன் வரிசையில அண்ணி அப்பத்தான் கூடப் பாட ஆரம்பிச்சாங்க. ஆள் ஏறிக்கிட்டு இருக்கும்போது கதவை மூடுவாங்களா?"