குருசடிக்கு அப்பால் ஒரு வீடு

கிளாராக்காவை நான் தினமும் காலையில் மீன் பெட்டியோடு கருங்கல் சந்தைக்கு ஏற்றிக்கொண்டு போகிறேன். என் ஆட்டோவில் மீன் வாடை போகவே போகாது. மற்ற சவாரிகள் மூக்கைப் பொத்துகிறார்கள், பொத்தட்டும். ஐம்பது தாண்டிய பெண். சந்தையில் இவரிடம் பேரம் பேசியவன் சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு போவான், அப்படி ஒரு வாய். அந்த வாய்க்காரிக்குக் கடலைக் கண்டால் பயம். கடற்கரையில் பிறந்து, மீன் விற்றே மகள் பெபிஷாவை நர்சிங் படிக்க வைப்பவருக்குக் கடல் பயமா என்று ஊரில் சிரிக்கிறவர்கள் உண்டு. அவர் வீட்டில் ஒரு ராத்திரி படுத்துவிட்டு வந்து சிரிக்கட்டும்.

ஊரின் தெற்கு முனையில் சிலுவை நாட்டிய சின்னக் குருசடி ஒன்று இருக்கிறது. அதற்கு அப்பால் கடலை ஒட்டி ஒரு வரிசை வீடுகள். ஒவ்வொரு ஆனி ஆடிக்கும் கடல் ஏறி வந்து முதலில் முற்றத்தைத் தின்றது, பிறகு சுவரை, பிறகு அறையை. பக்கத்து வீட்டு ஸ்மிதா கைக்குழந்தையோடு மாமியார் வீட்டுக்குப் போய்விட்டாள். சிலுவைதாசன் அண்ணன், மகன் துபாயிலிருந்து அனுப்பிய பணத்தில் மேட்டில் வீடு வைத்தார். மற்றவர்களும் ஆளுக்கொரு பக்கம் போனார்கள். கிளாராக்காவுக்குப் போக இடமில்லை. கணவர் போய்ச் சேர்ந்து வருடங்கள் ஆகின்றன. முன்னறையைக் கடல் கொண்டுபோன பிறகும் பின்னறையிலும் அடுப்படியிலுமாகத் தாயும் மகளும் இருந்தார்கள்.

எங்கள் பக்கத்தில் கள்ளக்கடல் என்று ஒன்று உண்டு. காற்றும் இருக்காது, மழையும் இருக்காது. நல்ல வெயில் அடிக்கும்போதே கடல் சத்தமில்லாமல் ஏறி வீட்டுக்குள் வந்துவிடும். அதற்காகவே கிளாராக்கா படுக்கும்முன் வாசலில் ஒரு காலிக் குடத்தை நிறுத்திவைப்பார். வெள்ளம் வந்தால் குடம் உருளும், விழித்துக்கொள்ளலாம். குடம் உருளாத ராத்திரிகளிலும் அவர் விழித்துத்தான் இருந்தார். மகள் மூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டு கிடப்பேன் என்று ஒருமுறை என்னிடம் சொன்னார்.

போன வருடம் கரையில் கல் கொட்டிச் சுவர் எழுப்பப் பணம் வந்திருக்கிறது என்று பேச்சு அடிபட்டது. எங்கிருந்து எங்குவரை போடுவது என்பதைப் பேரூராட்சி மன்றம் முடிவுசெய்து அனுப்ப வேண்டும். கிளாராக்கா அந்த ஒரு மாதம் சந்தையில் சண்டையே போடவில்லை. பிறகு ஒரு நாள் எங்கள் வார்டு உறுப்பினர் ஆன்ட்ரூஸ் ஆட்டோவை மறித்து நிறுத்தினார்.

"கல்லு குருசடி வரைக்குந்தான் வரும்போல இருக்குக்கா. அதுக்கு அப்பால வரி கெட்டுத வீடு உனக்கது ஒண்ணுதான். ஒரு வீட்டுக்காவ அவ்வளவு கல்லு கொட்டணுமான்னு மன்றத்துல கேக்கினும்."

"நான் வருசம் தப்பாம கெட்டுதேன்லா? எனக்க வரி வரி இல்லியா?"

"நான் இல்லன்னா சொன்னேன்? வியாழக்கிழமை செயல் அலுவலரும் இன்ஜினியரும் நேர்ல பாக்க வருவினும். அதுக்குப் பொறவுதான் கடைசித் தீர்மானம்."

கருங்கல்லில் பெட்டியை இறக்கும்போது கிளாராக்கா கேட்டார்: "லே மக்கா, அந்த வரிசையில ஆளு குடியிருந்தா கல்லு போடுவினும் இல்லியா?"

அன்று சாயங்காலமே புறப்பட்டுவிட்டார். பழைய அயல்காரர்கள் ஒவ்வொருவர் வீட்டு வாசலிலும் போய் நின்றார். ஒரே ஒரு காலை நேரம். பழைய வீட்டில் வந்து அடுப்புப் பற்றவைத்து இருந்தால் போதும் என்றார். யாரும் முடியாது என்று சொல்லவில்லை. எங்கள் ஊர்க்காரர்கள் இப்படித்தான், ஒரு ரூபாய் கடன் கேட்டால் ஒளிந்துகொள்வார்கள், இதுபோல ஒரு காரியம் என்றால் சட்டியும் பானையுமாக வந்து நிற்பார்கள்.

கிளாராக்காவைத்தான் பயம் பிடித்து ஆட்டியது. வியாழக்கிழமை கருத்தவாவு, அமாவாசை. கடல் பொங்கும் நாள். அதிகாரிகளிடம் தேதியை மாற்றச் சொல்ல முடியுமா? "புள்ளயளக் கொண்டு வராண்டாம்" என்று எல்லோரிடமும் திரும்பத் திரும்பச் சொன்னார். ஸ்மிதா கேட்கவில்லை. குழந்தை இல்லாத வீட்டை யார் வீடென்று நம்புவார்கள் என்று இரண்டு வயது மகளையும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

அந்தக் காலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கூரையில்லாத வீடுகளில் புகை எழும்பியது. பாதிச் சுவர்களுக்கு நடுவே கயிறு கட்டித் துணி காயப்போட்டார்கள். சிலுவைதாசன் அண்ணன் உடைந்த படியில் உட்கார்ந்து சவரம் செய்தார். வீட்டில் செய்துவிட்டுத்தானே வந்தீர்கள் என்றேன். "மிண்டாம போலே" என்று என் வாயை அடைத்தார். எங்கள் வீட்டு ஆடு இரண்டை நான் கொண்டுபோய்க் கட்டியிருந்தேன். கிளாராக்கா யாரையும் பார்த்துச் சிரிக்கவில்லை. அவர் கண் கடலைவிட்டு நகரவில்லை.

அதிகாரிகள் வந்தார்கள். செயல் அலுவலர் வெளி மாவட்டத்துப் பெண்மணி, தன்மையாகப் பேசுகிறவர். இன்ஜினியர் நாடாவைப் பிடித்து அளந்துகொண்டே போனார். பாதி வரிசை தாண்டியிருப்பார்கள். கடலில் இரைச்சல்கூட எழவில்லை. முழங்கால் உயரத்துக்கு வெள்ளம் ஒரே தள்ளாக உள்ளே வந்தது. அடுப்புகள் சீறி அணைந்தன. ஆடுகள் கதறின. ஸ்மிதா வீறிட்ட பிறகுதான் பார்த்தேன், குழந்தை காலடியில் இல்லை.

கிளாராக்கா ஓடினார். நீர் திரும்ப இழுக்கும்போது இடிந்த சுவருக்கும் கல்லுக்கும் இடையில் விழுந்து, குழந்தையின் சட்டையைப் பிடித்துவிட்டார். அது இருமியது, பிறகு அழுதது. அழுகைச் சத்தம் கேட்டதும்தான் எங்களுக்கு உயிர் வந்தது. செயல் அலுவலர் இடுப்புவரை நனைந்து, சுவரைப் பிடித்தபடி நின்றார். "இத்தனை பேர் இங்கயா இருக்கீங்க?" என்று மட்டும் கேட்டார்.

அடுத்த வாரமே மன்றம் கூடித் தீர்மானம் போட்டது. ஆன்ட்ரூஸ் முகத்தைத் தூக்காமல்தான் வந்து சொன்னார். கல் குருசடியோடு நிற்கும். அதற்கு அப்பால் மனிதர் குடியிருக்க முடியாது. எல்லோரையும் சமூகக் கூடத்துக்கு மாற்றுவார்கள். கரண்டையும் குடிநீர்க் குழாயையும் துண்டித்து, வீட்டு எண்களை வரிக் கணக்கிலிருந்து நீக்குவார்கள். மாற்று வீடு பிறகு. பிறகு என்றால் எப்போது? நிலம் பார்த்துக்கொண்டிருக்கிறார்களாம்.

மற்றவர்கள் சட்டி பானைகளை வெள்ளம் வந்த அன்றைக்கே எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். அவர்களுக்குப் போக வீடு இருந்தது.

"கூடத்துல எத்தன நாளு கெடக்க? வயசுப் புள்ளயக் கொண்டுபோயி எங்க படுக்க வைப்பேன்?" கிளாராக்கா என்னிடம் கேட்டார். பிறகு அவரே, "உள்ளதைச் சொல்லிருவோம்" என்றார். நான்தான் அலுவலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

செயல் அலுவலர் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார். நாற்காலி போடச் சொன்னார்.

"அந்தக் குழந்தையைப் பார்த்ததுல இருந்து எனக்குச் சரியா தூக்கமே இல்லம்மா. நீங்க இல்லன்னா என்ன ஆயிருக்கும்?"

"அந்தப் புள்ள அங்க உள்ளதில்ல அம்மா." கிளாராக்காவின் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை, அவ்வளவு மெல்லப் பேசினார். "நான் விளிச்சுதான் வந்தாவ. எல்லாரும் நான் விளிச்சு வந்தவிய. கல்லு வருமேன்னு செஞ்சது. எனக்க மேல என்ன நடவடிக்கை வேணும்னாலும் எடுங்க. அங்க உள்ளது நானும் எனக்க மவளும் மட்டுந்தான். எங்கள அங்கயே விட்டிருங்க. கொஞ்சம் கல்லு போட்டாப் போதும்."

அந்த அம்மாள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூடக் கிளாராக்கா சந்தையில் பேசுவதுபோல இரண்டு வார்த்தை பேசியிருக்கலாம். செயல் அலுவலரின் முகம் தெளிந்தது. பல நாள் பாரம் இறங்கியதுபோல மூச்சு விட்டார்.

"அப்ப அந்த வரிசை முழுக்க நீங்க ரெண்டு பேர்தானா? நல்லவேளை சொன்னீங்க. அத்தனை குடும்பத்தையும் எப்படி மாத்தப்போறோம்னு திணறிட்டு இருந்தேன். ஒரு வீடுதானே, நாளைக்கே கூடத்துக்கு மாத்தி முடிச்சிடலாம்."

போன் எடுத்து யாரையோ கூப்பிட்டார். லாரி ஒன்று போதும் என்று அவர் சொல்வது கேட்டது. நான் வாசலுக்கு வந்து திரும்பிப் பார்த்தேன். கிளாராக்கா இன்னும் நாற்காலியிலேயே இருந்தார்.