குசினிக்குக் கேட்காத டிவி

“…ஓம், படம் வடிவுதான். ஆனா நான் எங்கயப்பா படம் பாத்தனான்? குசினிக்குள்ள நிண்டு காதாலதானே நாடகம் பாக்கிறனான்!” என்றாள் மனைவி, நான் வாங்கிவந்த புது டிவியைப் பார்த்து.

திருகோணமலைக் கடையில் மூன்று டிவிகளைப் பக்கம் பக்கமாக வைத்து, நிறம், அகலமெல்லாம் ஒப்பிட்டுத்தான் வாங்கினேன். சத்தத்தைக் கூட்டிப் பார்க்கத் தோன்றவில்லை. பழைய டிவியையும் கொடுத்து மாற்றிவிட்டேன். இந்த மெல்லிய டிவியின் சத்தமோ மீன் பொரிகிற அடுப்படிவரை வருவதில்லை. நான் சாய்ந்திருந்து பார்த்த நாடகங்களை அவள் இத்தனை காலமும் கேட்க மட்டும்தான் செய்திருக்கிறாள் என்பது அப்போதுதான் உறைத்தது. வெட்கமாகப் போய்விட்டது. இப்போது எது வாங்கினாலும் அவளைக் கேட்டுத்தான் வாங்குகிறேன்.

அன்று, “ஒரு ஸ்பீக்கர் வாங்கிப் பூட்டட்டோ?” என்றேன்.

“ஒண்டும் வேண்டாம். மீன் கருகாமப் பாருங்கோ” என்று அகப்பையை என் கையில் தந்துவிட்டு, போய் என் கதிரையில் அமர்ந்தாள்.