வாழைக்குற்றி உறைந்த திங்கள்

வாழைக்குற்றி அழுகும்போது ஒரு புளிப்பு மணம் எழும். ஸ்காபரோவில் ஏதாவதொரு பார்ட்டி ஹோலின் பின்கதவைக் கடக்கையில் அது மூக்கில் ஏறினால், என் வலது கை தானாகக் குவிகிறது, கிரேனின் பிடியைத் தேடி.

குப்பை எரிக்கும் ஆலையில் கிரேன் ஓட்டுகிறேன். லொறிகள் வந்து கொட்டும் பெருங்குழியை நாங்கள் பிற் என்போம். அதற்கு மேலே கண்ணாடி அறை, அதில் என் கதிரை. கிராப் எனும் இரும்பு விரல்களால் குப்பையை அள்ளி, உயர்த்தி, உதிர்த்து, கலந்து, உலையின் வாயில் போடவேண்டும். நெருப்பு நீரை ஆவியாக்கும். அந்தச் சூடு தண்ணீரில் ஏறி, வீதிக்கு அடியில் குழாய்களில் ஓடி, அயலிலுள்ள தொடர்மாடிகளுக்குப் போகும். வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் நெருப்பையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். பார்க்கவேண்டியது குப்பையை.

அது தைப்பொங்கல் வார இறுதிக்கு அடுத்த திங்கட்கிழமை. காலையிலிருந்து வந்த லொறிகளெல்லாம் ஹோல்களின் குப்பை. சோறு, சாம்பார், இளநீர்க் கோம்பை, வாழைக்குற்றி. எல்லாம் திறந்த தொட்டிகளில் பனியோடு கிடந்து, பளிங்குக் கட்டியாக உறைந்திருந்தன. நான் நெருப்புக்கு ஐஸ் ஊட்டிக்கொண்டிருந்தேன்.

கொன்ட்ரோல் அறையிலிருந்து என் சூப்பர்வைசர் லிண்டா, நீராவி குறைகிறதென்று ரேடியோவில் கத்தினாள்.

“ஸ்ரீம் இஸ் ட்ரொப்பிங்! வட் ஆர் யூ ஃபீடிங் மீ?”

“லெஃப்ற்ஓவேர்ஸ்,” என்றேன், மிஞ்சின சாப்பாடு என்று. அவள் சிரிக்கவில்லை. துணைக்கு நிற்கும் எரிவாயுக் கொதிகலன் அன்று திருத்த வேலையில் கழற்றிக் கிடந்தது. எங்கள் நெருப்பு சோர்ந்தால் தொடர்மாடிகளுக்கு வேறு சூடு இல்லை.

அப்போது கைபேசி அதிர்ந்தது. ராசன் அண்ணை. கனடா வந்த காலத்தில் ஒரே பேஸ்மென்ற்றில் என்னோடு இருந்தவர். இப்போது எங்கள் குழாய் போகும் தொடர்மாடியில் பன்னிரண்டாம் மாடி. மகள் பிள்ளைப்பேற்றுக்கு வந்து நின்றாள். முந்தின நாள்தான் பேத்திக்கு முப்பத்தொன்று, பிறந்த முப்பத்தோராம் நாள் சடங்கு, ஹோல் எடுத்துச் செய்தார்கள்.

“எங்கையடா உங்கட சூடு? ஹீற்றரைத் தொட்டா மீன்பெட்டி மாதிரிக் கிடக்கு. பிள்ளையைச் சுத்திச் சுத்தி இப்ப மூக்கு மட்டுந்தான் தெரியுது!”

“கொஞ்சம் பொறுங்கோ அண்ணை.”

“நான் பொறுப்பன். முப்பத்திரண்டு நாள் பிள்ளை பொறுக்குமே? ஸ்ரௌவ்வில்லில மகன் வீட்டை கொண்டுபோவமெண்டா ரோட்டெல்லாம் ஐஸ்.”

அவர் பேசப் பேச, கிராப் மேலே வந்தது. அதன் விரல்களில் இரண்டு வாழைமரம், குலையோடு. அவற்றைச் சுற்றி ஒரு பேனர், இளஞ்சிவப்பில் ஒரு பெயர்: ஆரணி. அதற்குக் கீழே நின்று முந்தின நாள் நானும் படம் எடுத்திருந்தேன். வடையும் இரண்டாம் தரம் கேட்டு வாங்கினேன்.

ஈரத்தை ஒதுக்கிவைக்க பிற்றில் இடமில்லை. வெளியே லொறிகள் வரிசையில். ஒரே வழி, உலர்ந்ததைத் தேடி அதோடு கலப்பது. கிராப்பை அடிவரை இறக்கித் தோண்டினேன். அங்கே கிடந்தது நத்தார், கிறிஸ்மஸ் குப்பை: பரிசுப் பெட்டிகள், சுற்றுத்தாள், உடைந்த மரக் கதிரைகள். மூன்று அள்ளு நத்தாருக்கு ஒரு அள்ளு பொங்கல். உயரத்திலிருந்து உதிர்த்தேன், மறுபடி அள்ளினேன், மறுபடி உதிர்த்தேன். சாப்பிடவும் எழும்பவில்லை. பின்னேரம் கமராத் திரையில் நெருப்பு கறுத்த சிவப்பிலிருந்து வெளுத்த மஞ்சளுக்கு ஏறியது. ரேடியோவில் லிண்டா சொன்னது ஒரு சொல்தான்: “பெற்றர்,” இப்போது பரவாயில்லை என்று.

வேலை முடிந்து நேரே பன்னிரண்டாம் மாடிக்குப் போனேன். ஹீற்றரில் கை வைத்தேன். இளஞ்சூடு. நாங்கள் பின்கதவால் எறிவது எங்கேயும் போவதில்லை, சுவருக்குள்ளால் திரும்பி வருகிறது. அதைப் புத்தியால் அறிந்திருந்தேன். உள்ளங்கையால் அறிந்தது அன்று. குழந்தை போர்வைகளிலிருந்து வெளியே வந்து, தாயின் மடியில் கால் உதைத்துக்கொண்டிருந்தது.

“அண்ணை, காலமை கிரேனில வந்தது உங்கட வாழை. பேனரோட.”

ராசன் அண்ணை தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

“அப்ப என்ர பேத்தியை நானே குளிர வைச்சனெண்டுறாய்?”

“நீங்கள் மட்டுமில்லை. ஸ்காபரோ முழுக்கச் சேர்ந்துதான்.”

“நான் அப்பவே சொன்னன்,” என்றார் அவர் மனைவி, குசினிக்குள்ளிருந்து. “சோத்தையும் வாழையையும் உக்கிற குப்பைக்கெண்டு இருக்கிற பச்சைத் தொட்டியில போடச்சொல்லி. ஆர் கேட்டது? இவர் அங்கை நிண்டு செல்ஃபி எடுக்கிறார்!”

“சரியப்பா, அடுத்த முறை பிளாஸ்ரிக் வாழை கட்டுறன்.”

“உது இன்னும் திறம்!”

சிரித்தபடி சப்பாத்தைப் போட்டேன். அண்ணையின் மனைவி, எனக்கு அக்கா, குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு லிஃப்ற் வரை வந்தார்.

“தம்பி, நாளைக்கும் நீர்தானே நெருப்புக்குப் போடுறது?”

“ஓம் அக்கா.”

கதவு மூடப்போக, அதைக் கையால் தடுத்துச் சொன்னார்:

“நல்லாக் குழைச்சு ஊட்டும், ராசா.”