லூட்கார்ட் தைக்கும் நம்பர்

வாயில் குண்டூசி இருக்கும்போது லூட்கார்ட் பேசமாட்டாள். அதனாலேயே அவள் வாயில் எந்நேரமும் நாலு குண்டூசி. ட்ரையல் ரூம் கண்ணாடியின் முன் நிற்கும் சீமாட்டி, "போன வருஷத்துக்கு இப்ப கொஞ்சம் பூசினாப்புல இருக்கேனோ?" என்று இழுக்கும்போது, தரையில் மண்டியிட்டு கவுனின் ஓரத்தை மடித்துக்கொண்டே "ம்ம்" என்பாள். ஆமாம் என்றும் கொள்ளலாம், இல்லை என்றும் கொள்ளலாம். கேட்டவர்கள் தங்களுக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

ஆன்ட்வெர்ப் நகரில் பணக்காரர்கள் உடை வாங்கும் தெருக்கள் நாலைந்து இருக்கின்றன. அவற்றுள் ஒன்றில் இருக்கிறது அந்தக் கடை. ஜன்னலில் ஒரே ஒரு கோட்டு தொங்கும், விலை எழுதியிருக்காது. விலை கேட்பவர்கள் ஒருமுறைதான் வருவார்கள். மாடியில், இரண்டு தையல் மெஷினும் ஒரு நீராவி இஸ்திரிப்பெட்டியும் உள்ள அறையில் இருபத்திரண்டு வருஷமாக லூட்கார்டின் ராஜ்யம். மத்தியானம் பழுப்பு ரொட்டிக்கு நடுவே சீஸும் கடுகும் தடவிக்கொண்டு வந்ததைத் தின்றுவிட்டு, பட்டைத் தொடுவதற்கு முன் இரண்டு தடவை கை கழுவுவாள். அவள் போட்டிருப்பது ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் வாங்கிய சாம்பல் நிறக் கவுன். அதன் லேபிளை வீட்டுக்குப் போனதுமே வெட்டிவிட்டாள். கழுத்தை அரிக்குமாம்.

வாடிக்கையாளர்களின் முகம் அவளுக்கு நினைவில் நிற்காது. தெருவில் யாராவது வணக்கம் சொன்னால் முகத்தைத் தாண்டித் தோளைப் பார்ப்பாள். 'ஓ, இடது தோள் இறக்கம்' என்று பிடிபட்ட பிறகுதான் சிரிப்பு வரும். கப்பல் கம்பெனிக்காரர் மனைவி அவளுக்கு 'நீள முதுகு.' ஒரு நீதிபதியின் மனைவி 'ஒரு பக்க இடுப்பு.'

லேபிள் விவகாரம் தொடங்கியது பதினோரு வருஷத்துக்கு முன்னால். அந்த நீள முதுகுக்காரர், க்ளோதில்ட் அம்மாள், ஒரு கோட்டைப் போட்டுப் பார்த்தார். அளவெடுத்துத் தைத்த மாதிரி உட்கார்ந்தது. உள்ளே லேபிளில் நாற்பத்திரண்டு என்ற அளவு நம்பரைப் பார்த்ததும் முகம் சுண்டிப் போய்க் கழற்றிவிட்டார். "நான் முப்பத்தெட்டு. என்னிக்குமே முப்பத்தெட்டு." கடை மேலாளர் ஈவெட் கையைப் பிசைந்தாள். கை நீளத்தைக் கொஞ்சம் சரிசெய்து தருகிறேன் என்று கோட்டை மாடிக்கு எடுத்துப் போன லூட்கார்ட், பத்தே நிமிஷத்தில் திரும்பினாள். கை நீளம் அப்படியேதான் இருந்தது. கழுத்துக்குள் முப்பத்தெட்டு இருந்தது. க்ளோதில்ட் அம்மாள் போட்டுப் பார்த்து, "இப்பத்தான் சரியா இருக்கு" என்றார்.

அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. பழைய துணிகளிலிருந்து எடுத்த சின்ன நம்பர்கள் ஒரு பிஸ்கட் டப்பாவில் சேர்ந்தன. க்ளோதில்ட் அம்மாள் நாற்பத்திரண்டிலிருந்து நாற்பத்திநாலுக்குப் போனார். அலமாரிக்குள் முப்பத்தெட்டாகவே இருந்தார். மற்ற பெண்மணிகளும் மெல்ல மெல்ல இளைத்தார்கள். ஈவெட்டுக்குத் தெரியும், தெரியாதது போல் இருப்பது மேலாளர் வேலையில் பாதி. முதலாளிக்குத் தெரிந்தால் மட்டும் லூட்கார்டின் வேலை போய்விடும். பென்ஷனுக்கு இன்னும் மூன்று வருஷம் இருந்தது.

போன அக்டோபரில் ஒரு வியாழக்கிழமை, கடை திறந்ததும் திறக்காததுமாக க்ளோதில்ட் அம்மாள் ஒரு பெரிய அட்டைப்பெட்டியோடு மாடியேறினார். மாடிக்கு அவர் வந்தது அதுதான் முதல் தடவை. சனிக்கிழமை முப்பதாவது திருமண நாள்; அறுபது பேருக்கு விருந்து. இதுவரை நகை மட்டுமே வாங்கித் தந்த கணவர் ரெய்னியர், இந்தத் தடவை மனைவியின் அலமாரியைத் திறந்து நம்பர் பார்த்துக்கொண்டு, பாரிஸ் போய்ப் பச்சைப் பட்டில் ஒரு கவுன் வாங்கி வந்திருக்கிறார். நம்பர் முப்பத்தெட்டு.

லூட்கார்ட் போட்டுவிட்டுப் பார்த்தாள். முதுகில் ஜிப்பின் இரண்டு பக்கமும் ஒரு சாண் தூரத்தில் நின்றன. தையலைப் புரட்டினாள். உள்ளே விரல் நகம் அளவுக்குக்கூடத் துணி விட்டிருக்கவில்லை.

"பாரிஸ்காரங்க இப்பல்லாம் எதையும் சின்னதாத்தான் தைக்கிறாங்க" என்றார் க்ளோதில்ட் அம்மாள், கண்ணாடியைப் பார்க்காமல்.

எப்போதும்போல ஒரு "ம்ம்" சொல்லியிருக்கலாம். ஆனால் "ம்ம்" போட்டு அந்த ஒரு சாணை மூட முடியாது. லூட்கார்ட் வாயிலிருந்த ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசைமேல் வைத்தாள். இந்தப் பதினோரு வருஷமும் செய்ததைச் சொல்லிவிட்டால் இந்த அம்மாள் நேரே கீழே இறங்கி முதலாளிக்குப் போன் போடுவார் என்றுதான் தோன்றியது. சொல்லாவிட்டால் சனிக்கிழமை வந்துவிடும்.

"மேடம், நீங்க முப்பத்தெட்டு இல்ல."

க்ளோதில்ட் அம்மாள் முதுகு திறந்த கவுனோடு அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"எங்க வீட்லயும் கண்ணாடி இருக்கு, லூட்கார்ட். கடை லேபிள் மெஷின்ல அடிச்சிருக்கும். உன்னோடது கையால தைச்சது. அதுகூடத் தெரியாத முட்டாள்னா நெனச்ச?"

தெரிந்துமா இத்தனை வருஷம் பேசாமல் இருந்தீர்கள் என்று கேட்டாள் லூட்கார்ட்.

"காலையில அலமாரியத் தெறந்தா எனக்கு நல்ல வார்த்தை சொல்ல வீட்ல வேற யாரு இருக்கா?" என்றார் அவர். "ஆனா அவருக்குத் தெரியக் கூடாது."

முப்பது வருஷமாகக் கூட இருக்கும் மனுஷன், கட்டிப்பிடிக்கும்போதாவது தெரிந்திருக்காதா என்று லூட்கார்ட் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"கைக்கு நம்பர் தெரியாது."

வழி கீழேயே தொங்கிக்கொண்டிருந்தது. ரெய்னியர் வாங்கிய அதே பாரிஸ் தையலகத்தின் அதே கவுன், அதே பச்சை, இந்தக் கடைக்கும் வந்திருந்தது, நாற்பத்திநாலிலும் இருந்தது. க்ளோதில்ட் அம்மாள் ஈவெட்டிடம் யாருக்கு என்று சொல்லாமல் வாங்கினார். ஈவெட்டும் யாருக்கு என்று கேட்காமல் மடித்துக் கொடுத்தாள். பாரிஸிலிருந்து வந்ததன் கழுத்தைப் பிரித்து லேபிளை எடுத்து, உள்ளூரில் வாங்கியதில் வைத்துத் தைத்தாள் லூட்கார்ட். இந்தத் தடவை மெஷினில் அடித்தாள். நம்பர் போன சின்னக் கவுனை க்ளோதில்ட் அம்மாள் வீட்டுக்கு எடுத்துப் போக மறுத்துவிட்டார். லூட்கார்டின் பக்கத்து வீட்டில் இருக்கும் நர்ஸ் பெண்ணுக்கு அது அச்சாகப் பொருந்தியது. விலை தெரிந்திருந்தால் அதைப் போட்டுக்கொண்டு டிராமில் ஏறியிருக்கமாட்டாள்.

விருந்து சிறப்பாக நடந்ததென்று ஈவெட் கேள்விப்பட்டு வந்து சொன்னாள். ரெய்னியர் கையில் கோப்பையோடு மேசைக்கு மேசை போனாராம். "உங்கள்ல எத்தனை பேருக்குப் பொண்டாட்டியோட அளவு தெரியும்? எனக்குத் தெரியும். கண்ணாலயே அளந்துட்டேன்" என்று எல்லோரிடமும் சொன்னாராம். க்ளோதில்ட் அம்மாள் ஒவ்வொரு தடவையும் தலைகுனிந்து வெட்கப்பட்டாராம். அதைக் கேட்டு லூட்கார்ட் அன்று முழுக்கத் தனக்குள் சிரித்துக்கொண்டிருந்தாள். இத்தனை பெரிய கப்பல் கம்பெனியை இந்த மனுஷன் எப்படித்தான் நடத்துகிறாரோ என்று ரொட்டி தின்னும்போது ஈவெட்டிடம் கேட்கவும் செய்தாள்.

நவம்பர் நடுவில் அந்த மனுஷனே மாடியேறி வந்தார். பெண்கள் கடையின் மாடிக்கு ஆண்கள் வருவதில்லை. கையில் ஒரு கறுப்புப் பேன்ட். யாரென்று முகத்தைப் பார்த்து லூட்கார்டுக்குத் தெரியவில்லை. தோளையும் அவள் அளந்ததில்லை. அவரே பெயரைச் சொன்னார். இடுப்பைக் கொஞ்சம் பிரித்துவிட வேண்டுமாம்.

பேன்டை வாங்கிப் புரட்டிக்கொண்டே, மேடத்தின் கவுன் நன்றாக அமைந்ததா என்று அவள் மரியாதைக்குக் கேட்டாள்.

"பிரமாதம். நீங்க பாத்துக்குவீங்கன்னு தெரியும்" என்றார் ரெய்னியர்.

லூட்கார்டின் கை நின்றது. அந்த நேரம் பார்த்து வாயில் ஒரு ஊசிகூட இல்லை. "சார், உங்களுக்கு..."

"எங்கம்மாவும் தையல்காரிதான்" என்றார் அவர். "லேபிள்ல என்ன இருந்தாலும், கோட்டத் தூக்கிப் பாத்தாலே எனக்கு அளவு தெரியும். பாரிஸ் கடையில விக்கிற பொண்ணு அவ போட்டோவப் பாத்துட்டு எவ்வளவோ சொல்லிச்சு, சார், நாப்பத்திநாலா எடுங்கன்னு. நாப்பத்திநாலக் கொண்டுபோயிருந்தா நான் வீட்டுக்குள்ள காலெடுத்து வைக்க முடியுமா?"

"பத்தாமப் போயிடுமேன்னு தோணலையா, சார்?"

"பத்தாதுன்னு தெரியும். அவ நேரா உங்ககிட்டதான் வருவான்னும் தெரியும்." அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். "அவளுக்கு இதெல்லாம் தெரிய வேணாம்."

லூட்கார்ட் சரி என்று தலையாட்டினாள். கழுத்தில் மாலைபோல் கிடந்த டேப்பை எடுத்தாள். ரெய்னியர் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, கண்ணாடிக்கு நேராக வந்து, மூச்சை நன்றாக உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டு விறைப்பாக நின்றார். டேப் இடுப்பைச் சுற்றியது. லூட்கார்ட் நம்பரைப் பார்க்கவில்லை. இரண்டு முனைகளையும் தளர்வாகப் பிடித்தபடி முகத்தைத் திருப்பிக்கொண்டு, அவர் மூச்சு விடட்டும் என்று காத்திருந்தாள்.